ஆரஞ்சு கேபிளில் கை வைக்கலாமா?

கேள்வி: 15 வருஷமாக பெட்ரோல் கார் மெக்கானிக். மின்சாரக் காருக்குத் தனிச் சான்றிதழ் தேவையா?

பதில்: கட்டாயம் எடுங்கள். 12 வோல்ட்டில் பழகிய கை, 400, 800 வோல்ட் டிசி ஓடும் ஆரஞ்சு கேபிளையும் அதே தைரியத்தில் தொட்டுவிடுமே என்பதுதான் என் பயம். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும், தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் பூஜ்யம் காட்டுகிறதா என்று அளக்க வேண்டும். 1000 வோல்ட் ரப்பர் கையுறையை வாய்ப்பக்கம் சுருட்டி, உள்ளே சிக்கிய காற்றை அமுக்கிப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் உஸ்ஸென்று காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரியைத் திறப்பது இன்னொரு படி, செல்களை அணைக்கவே முடியாது என்பதால் ஆரம்பச் சான்றிதழோடு அதைத் தொடாதீர்கள்.