ஒரே பேர்ல எத்தனை பேர்? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தை, அதாவது பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை), கம்பெனி ரெக்கார்ட்ல ஒரே பேர்ல பல ஆள் கலந்து வர்ற குழப்பத்தை சுத்தித்தான் இருந்துச்சு, அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், என் பேரை நெட்ல தேடினா ஒரு சைட்ல 14 பேட்டன்ட், ரெண்டு கம்பெனியில டைரக்டர்னு வருது. நான் ஸ்கூல் டீச்சர், ஒரு ஸ்க்ரூ கூட கண்டுபிடிச்சது கிடையாது. சொந்தக்காரங்க போன் பண்ணி வாழ்த்து வேற சொல்றாங்க. இது எப்படி நடக்குது?

பதில்: வாழ்த்தை வாங்கி வச்சுக்கங்க மேடம், அது யாரோ ஒருத்தருக்கு போக வேண்டியது! யாரும் உக்காந்து யோசிச்சு இது நீங்கதான்னு முடிவு பண்ணல. இந்த மாதிரி சைட் எல்லாம் பல நாட்டு கம்பெனி ரிஜிஸ்டரையும் பேட்டன்ட் டேட்டாவையும் மொத்தமா இறக்கி, எழுத்து ஒத்துப்போற பேரை எல்லாம் ஒரே பக்கத்துல கொட்டிடும், அதுக்கு மேல ஒரு ப்ரொஃபைல்னு தலைப்பு போட்டுடும், அவ்வளவுதான். அது பேட்டன்ட் ஆபீஸ் தயார் பண்ண பக்கம் இல்ல. அமெரிக்க பேட்டன்ட்ல கண்டுபிடிச்சவரோட பேரும் ஊரும் அச்சாகும், பிறந்த தேதி இருக்காது, ஆளுக்குன்னு ஒரு நிரந்தர நம்பரும் கிடையாது. அப்போ கம்ப்யூட்டருக்கு பிடிச்சுக்க கிடைக்கிறது பேர் ஒண்ணுதான்.

இன்னொரு கூத்தும் இருக்கு. பேட்டன்ட்டோட முதல் பக்கத்துல ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்துல அடைப்புக்குள்ள ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, உலக அறிவுசார் சொத்து அமைப்பு வச்ச வழக்கம் அது, எந்த மொழியில இருந்தாலும் அர்த்தம் மாறாது. 72-ன்னா கண்டுபிடிச்சவர், 73-ன்னா உரிமை வச்சிருக்கிறவர், 74-ன்னா வக்கீல் இல்ல ஏஜென்ட். அமெரிக்க பேட்டன்ட்ல இதை பரிசோதிச்ச அதிகாரி பேரும் அதே பக்கத்துல இருக்கும். நீங்க சும்மா பேரை போட்டு தேடினா இந்த நாலு வகையும் சேர்ந்து வந்து நிக்கும். அந்த 14-ல பாதி யாரோ ஒரு வக்கீலா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: எங்க பிசினஸ்ல பார்ட்னரா சேர வர்றவர் தன் பேர்ல 40 பேட்டன்ட் இருக்குன்னு சொல்றார். தேடினா நிஜமாவே 40-க்கு மேல வருது. நம்பி பணம் போடலாமா?

பதில்: 40 வருதுங்கிறதை வச்சு எதுவும் சொல்ல முடியாது, அந்த பேர் எவ்வளவு சகஜமான பேருங்கிறதுதான் முதல்ல பாக்கணும். கொரியாவுல அஞ்சுல ஒருத்தர் கிம். சீனப் பேரை ஆங்கில எழுத்துல எழுதும்போது வேற வேற எழுத்து, வேற வேற உச்சரிப்பு எல்லாம் கரைஞ்சு ஒரே ஸ்பெல்லிங்கா ஆயிடும். அங்க எல்லாம் முழுப்பேர் ஒத்துப்போனாலும் அதை ஆதாரம்னு சொல்லவே முடியாது. அபூர்வமான பேரா இருந்தா கொஞ்சம் தளர்த்தலாம்.

நான் பேரை விட்டுட்டு பக்கத்துல யார் இருக்காங்கன்னுதான் பாப்பேன். பேட்டன்ட்ல பெரும்பாலும் ரெண்டு மூணு பேர் சேர்ந்துதான் இருப்பாங்க. ஒரே பேர்ல ரெண்டு ஆள் இருக்கிறது சகஜம், ஆனா அந்த ரெண்டு ஆளும் அதே மூணு கூட்டாளியோட வேலை பாத்திருக்கிறது நடக்கிற காரியமா? அதனால ஒரு பேட்டன்ட்ல இருக்கிற கூட்டாளிங்க அடுத்ததுலயும் வந்தா ரெண்டையும் ஒரே ஆள் கணக்குல வைக்கலாம், அப்படியே சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டே போகலாம், எங்க சங்கிலி அறுதோ அங்க சந்தேகப்படணும். 73-ல இருக்கிற கம்பெனி இதுக்கு அடுத்த சாட்சி, ஆனா ஆளுங்க கம்பெனி மாறுவாங்க, அதனால கம்பெனி வேறன்னா ஆளும் வேறன்னு சட்டுனு சொல்லிடாதீங்க. அப்புறம் துறை. ஒவ்வொரு பேட்டன்ட்டுக்கும் ஒரு வகைக் குறியீடு இருக்கும், ஏ61கே-ன்னு ஆரம்பிச்சா மருந்து தயாரிப்பு, எச்04எல்-ன்னா டிஜிட்டல் டேட்டா அனுப்புறது. ஒரே ஆள் பேர்ல மாத்திரையும் நெட்வொர்க்கும் மாத்தி மாத்தி வந்தா அது ரெண்டு ஆளா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தேதியும் பாருங்க, உங்க பார்ட்னருக்கு வயசு 45-ன்னு வச்சுக்கங்க, லிஸ்ட்ல 1988-ல ஃபைல் பண்ணதும் இருந்தா அவர் ஆரம்பப் பள்ளியிலேயே கண்டுபிடிச்சிருக்கணும்.

ஊர் ஒத்துப்போறதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். டெக் கம்பெனி குவிஞ்சு கிடக்கிற ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு இன்ஜினியர் அடுத்தடுத்த பில்டிங்ல இருக்கலாம்.

சரி, எல்லாமே அவர்தான்னு வச்சுக்குவோம், அப்பவும் 40-ன்னா 40 கண்டுபிடிப்பான்னு பாக்கணும். ஒரே கண்டுபிடிப்பை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், சீனான்னு நாலு இடத்துல போட்டா நாலு வரி வரும், இதை பேட்டன்ட் குடும்பம்னு சொல்வாங்க. அமெரிக்காவுல நம்பர் கடைசியில ஏ1-ன்னு இருந்தா அது வெறும் விண்ணப்பம் வெளியானது, பேட்டன்ட் கொடுத்ததுக்கு அடையாளம் பி1 இல்ல பி2. 2001-ல இருந்து விண்ணப்பங்களையே பொதுவா 18 மாசத்துல வெளியிட்டுடறாங்க, அது கடைசியில தள்ளுபடி ஆகியிருந்தாலும் லிஸ்ட்ல கம்பீரமா நிக்கும். கொடுத்த பேட்டன்ட்டும் சும்மா உயிரோட இருக்காது, மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருஷத்துல பராமரிப்பு கட்டணம் கட்டணும், கட்டலைன்னா காலாவதி. எல்லாத்துக்கும் மேல, 72-ல பேர் இருக்கிறதால சொத்து அவருதுன்னு ஆகாது, 73-ல அவர் பழைய முதலாளி கம்பெனி இருந்தா உங்க பிசினஸுக்கு அவர் கொண்டு வர்றது அனுபவம் மட்டும்தான். உரிமை கை மாறினதை 1980 ஆகஸ்ட்ல இருந்து பதிவு பண்ணது எல்லாம் அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ் சைட்ல தேடி பாக்கலாம்.

இவ்வளவும் பண்றதுக்கு முன்னாடி அவர்கிட்டயே பேட்டன்ட் நம்பர் லிஸ்ட் கேளுங்க. நிஜமா கண்டுபிடிச்சவங்க உடனே அனுப்பிடுவாங்க. "நெட்ல தேடிக்கங்க"ன்னு சொன்னா நான் எழுந்து வந்துடுவேன்.

கேள்வி: இந்த வேலையை கம்ப்யூட்டரே பண்ணக்கூடாதா?

பதில்: பண்ணுது. அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ் ஆதரவுல நடந்த பேட்டன்ட்ஸ்வியூங்கிற திட்டத்துக்காக 2015-ல இதுக்குன்னே ஒரு போட்டி வச்சு, அதுல ஜெயிச்ச மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக டீமோட முறையை எடுத்துக்கிட்டாங்க. மேல சொன்ன அதே கூட்டாளி, கம்பெனி, துறை, ஊர் எல்லாத்தையும் சேர்த்து நிறுத்துப் பாக்கிற முறைதான். ஆனா எந்த முறையா இருந்தாலும் தப்பு ரெண்டு பக்கமும் வரும், ரெண்டு ஆளை ஒண்ணாக்கிடும், இல்ல ஒரே ஆளை ரெண்டா உடைச்சிடும். ஒண்ணை குறைக்கப் போனா இன்னொண்ணு ஏறும். கம்ப்யூட்டர் சொல்றது ஒரு நல்ல ஊகம், அவ்வளவு மரியாதை கொடுங்க போதும்.

கேள்வி: அப்பா, மகன் ரெண்டு பேருக்கும் ஒரே பேர்னா என்ன பண்றது?

பதில்: எடிசன் வீட்டுலயே இந்த தலைவலி இருந்துச்சு. அப்பா எடிசன் பேர்ல 1,093 அமெரிக்க பேட்டன்ட். மூத்த மகனுக்கும் அதே தாமஸ் ஆல்வா எடிசன், கூட ஜூனியர். அந்த பையன் தன் பேரை கம்பெனிக்காரங்களுக்கு விக்க ஆரம்பிச்சார், அதுல ஒண்ணு எல்லா வியாதியும் தீரும்னு ஒரு மின்காந்த கருவியை வித்துச்சு, ஜனங்க எடிசன் பேரை பாத்து வாங்கினாங்க. அப்பா கோர்ட்டுக்கு போனார், கடைசியில வாராவாரம் ஒரு தொகை கொடுத்து பேரை பிசினஸுக்கு உபயோகிக்காதேன்னு ஒப்பந்தம் போட வேண்டியதாப் போச்சு, மகன் கொஞ்ச நாள் வேற பேர்லயே வாழ்ந்தார். டேட்டாபேஸ்ல இந்த ஜூனியர் படற பாடு தனி, சிலதுல குடும்பப்பேரோட ஒட்டிக்கும், சிலதுல காணாமலே போயிடும். வயசும் வருஷமும் பாத்துத்தான் பிரிக்கணும்.

கேள்வி: கம்பெனி ரெக்கார்ட்ல இந்த குழப்பம் கம்மியா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. இந்தியாவுல டைரக்டர் ஆகணும்னா எட்டு இலக்க அடையாள நம்பர் வேணும், ஒரு ஆளுக்கு ஒண்ணுதான், ரெண்டாவது வாங்கினா சட்டப்படி தப்பு, அதனால பேரை விட்டுட்டு நம்பரை பிடிச்சுக்கிட்டா போதும். பிரிட்டன்ல டைரக்டரோட பிறந்த மாசமும் வருஷமும் மட்டும் தெரியும், 2015 அக்டோபர்ல இருந்து தேதியை மறைச்சுட்டாங்க. அதே ஆள் ஒரு கம்பெனியில இனிஷியலோடயும் இன்னொண்ணுல முழுப்பேரோடயும் பதிஞ்சிருந்தா ரெண்டு தனி பக்கமா காட்டும். 2025 நவம்பர்ல ஆள் யாருன்னு நிரூபிக்கணும்னு கட்டாயம் வர்ற வரைக்கும் பதிவு பண்ணும்போது அங்க யாரும் அடையாளத்தை சரி பாக்கல, அதனால பழைய பதிவுல பேர் இருக்குங்கிறதை மட்டும் வச்சு ஒருத்தரை குற்றம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒரு ரிஜிஸ்டர், ஒரே கம்பெனி பேர் ரெண்டு மாநிலத்துல ரெண்டு பேர்கிட்ட இருக்கலாம், டெலவேர் மாநிலத்துல பதிஞ்ச எல்எல்சின்னா (ஓனரோட பொறுப்புக்கு வரம்பு வச்ச கம்பெனி வகை) ஓனர் யாருன்னு ரிஜிஸ்டர் சொல்லவே சொல்லாது.

கேள்வி: என் பேர்ல இருக்கிற இன்னொருத்தர் கம்பெனி திவாலாயிடுச்சு, எனக்கு லோன் கொடுக்கும்போது அதை கேக்கறாங்க. நெட்ல இருந்து அழிக்க முடியுமா?

பதில்: அந்த ரெக்கார்ட் அவருது, அதை அழிக்க உங்களால முடியாது. அவரே நினைச்சாலும் கஷ்டம். இத்தாலியில மன்னிங்கிற பில்டர் ஒருத்தர் தன்னோட பழைய திவாலான கம்பெனி பதிவால வீடு விக்க முடியலன்னு வழக்கு போட்டார், 2017-ல ஐரோப்பிய நீதிமன்றம் கம்பெனி ரிஜிஸ்டர்ல இருந்து பேரை எடுக்கிறதுக்கு பொதுவான உரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு.

ஆனா ரெண்டையும் ஒட்டி வச்ச சைட் மேலயும், ரிப்போர்ட் கொடுத்தவங்க மேலயும் நீங்க கேள்வி கேக்கலாம். அமெரிக்காவுல ராமிரெஸ்ங்கிறவர் 2011-ல கார் வாங்கப் போனப்ப, டிரான்ஸ்யூனியன்ங்கிற கடன் விவரம் சேகரிக்கிற கம்பெனி கொடுத்த கிரெடிட் ரிப்போர்ட்ல அவர் பேர் அரசாங்கத்தோட தீவிரவாதிங்க, கடத்தல்காரங்க லிஸ்ட்ல ஒத்துப்போகலாம்னு வந்துச்சு, கடைசியில கார் மனைவி பேர்ல வாங்க வேண்டியதாச்சு. அவங்க பாத்தது முதல் பேரும் கடைசி பேரும் மட்டும்தான், பிறந்த தேதியைக்கூட ஒப்பிடல. அந்த வழக்குல 8,185 பேர் இருந்தாங்க, 2021-ல சுப்ரீம் கோர்ட் வெளி ஆளுக்கு ரிப்போர்ட் போன 1,853 பேரோட முக்கிய கோரிக்கையை மட்டும்தான் ஏத்துக்கிச்சு. அதனால உங்க விஷயத்துல தப்பான ரிப்போர்ட் யார்கிட்ட, எந்த தேதியில போச்சுங்கிறதுக்கு எழுத்துல ஆதாரம் வாங்கி வைங்க. லோன் கொடுக்கிறவங்ககிட்ட பிறந்த தேதியும் அடையாள நம்பரும் போட்டு, அந்த கம்பெனி டைரக்டர் நான் இல்லன்னு ஒரு கடிதம் கொடுங்க, பெரும்பாலும் அதுலயே முடிஞ்சிடும்.

கேள்வி: நான் ரிசர்ச் பண்றேன், முதல் பேட்டன்ட் போடப் போறேன். என் பேர் நாளைக்கு குழம்பாம இருக்க என்ன பண்ணணும்?

பதில்: ஒரே ஸ்பெல்லிங், ஒரே வரிசை, கடைசி வரைக்கும். இனிஷியல் போட்டு எழுதுற நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஃபார்ம்ல குடும்பப்பேர் கட்டத்துல ஒரு தடவை அப்பா பேரும் ஒரு தடவை சொந்தப் பேரும் போட்டா டேட்டாபேஸுக்கு நீங்க ரெண்டு ஆள். கட்டுரைகளுக்கு ஆர்கிட்னு (ORCID) 16 இலக்க இலவச அடையாளம் 2012-ல இருந்து இருக்கு, அதை வாங்கி பேட்டன்ட் நம்பரையும் அதுல நீங்களே சேர்த்து வச்சிடலாம். ஃபைல் பண்ண ஏஜென்ட் அனுப்புற ட்ராஃப்ட்ல கண்டுபிடிப்பை மட்டும் படிச்சுட்டு கையெழுத்து போடாதீங்க, 72-ல உங்க பேர் எப்படி இருக்குன்னு எழுத்து எழுத்தா பாருங்க. விண்ணப்பம் நிலுவையில இருக்கும்போது பேரை திருத்தறது சுலபம், அமெரிக்காவுல பேட்டன்ட் கொடுத்ததுக்கு அப்புறம்னா திருத்தச் சான்றிதழுக்கு தனியா மனு போட்டு கட்டணம் கட்டணும்.