எஃப் சிப்பாயைக் கொடுக்கலாமா?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு 12 வயது. செஸ் போட்டிகளில் வெள்ளை கிடைத்தால் கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தைத்தான் ஆடுவாள். இரண்டாவது நகர்த்தலிலேயே எஃப் வரிசைச் சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பது தப்பு, கம்ப்யூட்டரே கறுப்புக்குத்தான் சாதகம் என்கிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறார் கோச். அவள் அழுகிறாள். என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

கம்ப்யூட்டர் சொல்வது சரிதான். ஆனாலும் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் அவளோடு உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பாருங்கள். 1960, அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா. வெள்ளை போரிஸ் ஸ்பாஸ்கி, வயது 23. கறுப்பு பாபி ஃபிஷர், வயது 17. இருவருமே பின்னாளில் உலக சாம்பியன்கள்.

ஸ்பாஸ்கி சிப்பாயை எஃப்4 கட்டத்துக்குத் தள்ளுகிறார். ஃபிஷர் வெட்டி, ஜி5 தள்ளி, வெட்டிய சிப்பாயைக் காப்பாற்றவும் பார்க்கிறார். உடனே ஸ்பாஸ்கி எச்4-க்கு இன்னொரு சிப்பாயைத் தள்ளி அதைத் தாக்குகிறார். 16 நகர்த்தல் முடியும்போது ஃபிஷரிடம் இரண்டு சிப்பாய் கூடுதல். கணக்குப் பார்த்தால் கறுப்பு ஜெயிக்க வேண்டும். ஆனால் அடுத்த நகர்த்தலில் மூலைக்குப் போகும் கறுப்பு ராஜாவைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்குக் காவலாக எச்7 சிப்பாயும் ஒரு யானையும்தான் மிச்சம். 25-இல் ஃபிஷர் ராணியை ஜி5-க்கு நகர்த்துகிறார். அங்கேதான் தப்பு. அப்புறம் நாலே நகர்த்தல். யானை ராணியைத் துரத்துகிறது, ராணி விலகினால் ஈ7-இல் நிற்கும் பிஷப் போய்விடும். ஃபிஷர் தோல்வியை ஒப்புக்கொண்டார். 15 சுற்றுகளில் அவர் தோற்றது இது ஒன்றுதான். கடைசியில் இருவரும் 13.5 புள்ளிகளோடு முதலிடத்தைப் பகிர்ந்தார்கள்.

ஃபிஷருக்கு இது ஆறவே இல்லை. கிங்ஸ் கேம்பிட் செல்லாது என்று 1961-இல் கட்டுரையே எழுதினார். கறுப்பை மூன்றாவது நகர்த்தலில் சிப்பாயை டி6-க்குத் தள்ளச் சொன்னார். அதே ஃபிஷர் 1963-இல் லாரி எவன்ஸுக்கு எதிராக வெள்ளையில் இதையே ஆடி ஜெயித்தார், மூன்றாவதில் குதிரைக்குப் பதில் பிஷப்பை எடுத்து.

சிப்பாயைக் கொடுத்து நேரத்தை, அதாவது காய்களை முந்தி வெளியே கொண்டுவரும் வாய்ப்பை, வாங்குவது என்றால் என்ன என்பதை உங்கள் மகள் கையாலேயே கற்கிறாள். 12 வயதில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கோச் விரும்பினால் இட்டாலியன் என்ற இன்னொரு தொடக்கத்தையும் கூடவே சொல்லித் தரட்டும். அது போதும்.

ஒன்று செய்யுங்கள். ஸ்பாஸ்கியின் 25-வது நகர்த்தலோடு நிறுத்திவிட்டு, கறுப்புக்கு என்ன ஆடுவாய் என்று கேளுங்கள். ராணியை டி1-க்குக் கொண்டுபோய்ச் செக் வைத்து, வெள்ளை யானை ஈ1-க்குத் திரும்பியதும் மறுபடி ஜி4-க்கு வந்தால் ஆட்டம் டிராவை நோக்கிப் போகும். அவளாகவே அதைக் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.