லைட்டர் ஒன்று போதுமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் உத்தராகண்டில் கேதார்காந்தா மலை ஏறப் போகிறோம். வழி தவறி ராத்திரி மாட்டிக்கொண்டால் தீ மூட்ட ஆளுக்கொரு லைட்டர் போதும் என்கிறான் ஒருவன். போதுமா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: போதாது தம்பி. அந்த உச்சி சுமார் 12,500 அடி. லைட்டரில் இருக்கும் பியூட்டேன் என்னும் எரிபொருள், குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கச் சரியாக ஆவியாகாது. ஆவி வந்தால்தானே பற்றும்? ராணுவத்தில் லடாக்கில் இருந்தபோது, பையின் வெளிப்பக்கம் வைத்திருந்த லைட்டரை எத்தனை தட்டியும் வெறும் பொறிதான் வந்தது. உள்சட்டைக்குள் மார்போடு கொஞ்ச நேரம் அணைத்து வைத்த பிறகே எரிந்தது. லைட்டருக்கு அதுதான் இடம்.

தீப்பெட்டியும் வேண்டும். ஆனால் நமத்துவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்த மறுநாள் காலை எங்கள் வீட்டில் மூன்று பெட்டி வீண். என் மனைவி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்த ஒரு பெட்டிதான் அடுப்பை மூட்டியது. நீங்களும் இறுக்கமாக மூடும் டப்பாவில் குச்சிகளைப் போட்டு, பெட்டியின் உரசும் பக்கத்தையும் வெட்டி உள்ளே வையுங்கள். அது இல்லாமல் நம் ஊர்க் குச்சி பற்றாது. கூடவே ஒரு ஃபெரோ ராடு, அதாவது உரசித் தீப்பொறி எழுப்பும் உலோகக் குச்சி. நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசினால் பொறி பறக்கும். மூன்றும் ஒரே பையில் இருக்க வேண்டாம். பை உருண்டு போனால் எல்லாம் போச்சு.

பொறி விழுந்து பிடிக்க ஏதாவது வேண்டுமே. பலர் இதைத்தான் மறக்கிறார்கள். பஞ்சில் வாசலினை நன்றாகப் பிசைந்து நெல்லிக்காய் அளவில் உருட்டிக்கொள்ளுங்கள். பற்ற வைக்கும்போது கொஞ்சம் பிய்த்துவிட்டால் பொறி பிடிக்கும். சில நிமிஷம் நின்று எரியும். பூஜை அறைச் சூடமும் நல்லதே, ஆனால் திறந்து வைத்தால் காற்றில் கரைந்துவிடும். அங்கே நம் தென்னம்பன்னாடை கிடைக்காது. பைன் மரத்தில் கசிந்து காய்ந்த பிசின் ஈரத்திலும் பற்றும், அதைத் தேடுங்கள்.

பனியின் மேல் நேராக மூட்டினால் உருகித் தீ அமுங்கிவிடும். அடியில் பருத்த கட்டைகளை அடுக்குங்கள். கூடாரத்துக்குள் மட்டும் தீ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

விமானத்தில் போவதானால் தீப்பெட்டி, லைட்டர், சூடம் எதையும் பையில் வைக்காதீர்கள். டேராடூனில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் மார்கழிப் பனியில் நனைந்த சுள்ளியை வயல் வரப்பில் வைத்து, கையுறை மாட்டிய கையோடு நான்கு பேரும் மூட்டிப் பாருங்கள். ஒருவருக்கு வரவில்லை என்றாலும் மறுநாள் திரும்பவும் போங்கள்.