வண்டிச் சந்தேகம்: பழைய கிரெட்டா வாங்கலாமா?

கேள்வி: 2017 மாடல் ஹூண்டாய் கிரெட்டா, 1.6 டீசல், மேனுவல் கியர். மீட்டரில் 72,000 கி.மீ. காட்டுகிறது. இரண்டாவது ஓனர், வண்டி பளபளவென்று இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பளபளப்பை பாலிஷ் போட்டு வரவழைக்கலாம், மீட்டரையும் பின்னுக்குத் தள்ளலாம். அதனால் அவை இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். "காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். டீசல் எஞ்சினின் பல கோளாறுகள் அது ஆறிக் கிடக்கும்போதுதான் வெளியே தெரியும்.

செல்ஃப் ரொம்ப நேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடித்தால் பேட்டரி, குளோ பிளக் (ஆறிய எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் பிளக்), இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) மூன்றையும் சந்தேகப்படுங்கள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்து, ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளுக்குக் கலகலவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வேறு வண்டி பாருங்கள்.

அடுத்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் கவலையில்லை. மூடி துள்ளி விழுந்து, உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். நிஜமாகவே 72,000 ஓடிய வண்டியில் இது வரக்கூடாது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள்.

கிளட்ச் சோதனைக்கு நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பள்ளத்தில் "டக் டக்" என்று வந்தால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ்தான். அதற்காக வண்டியை விட வேண்டாம்.

மீட்டரைச் சோதிக்க, கம்பெனி சர்வீஸ் சென்டரில் உள்ள பழைய பதிவை ஓனரை வைத்தே வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் குறித்த கி.மீ. அதில் வரிசையாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பார்க்கலாம்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது. அந்தத் தேதி மீட்டர் காட்டும் ஓட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சென்னைப் பதிவு வண்டி என்றால், 2023 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வைத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள், உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் ரெயில் துருவையும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போல்ட் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அந்தப் பக்கத்தை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: டெல்லிப் பதிவு டீசல் எஸ்.யூ.வி. இங்கே மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கொண்டுவந்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. விலை சரிந்ததற்கு அதுவே பெரிய காரணம், எல்லா வண்டியும் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் படிவம் 28-ல் டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்குவதற்கான படிவம் 35-ம், கடன் தீர்ந்தது என்ற பேங்க் கடிதமும் வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவின்போது இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு விலையோடு கூட்டிப் பாருங்கள், பல நேரம் மலிவு காணாமல் போய்விடும்.

கேள்வி: பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் எனக்கு வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வராது. இன்ஷூரன்ஸில் கிளைம் கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது, அவருக்கே சொந்தம். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாமல் மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளைம் நிராகரிக்கப்படும்.