கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஊரில் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஆய்வுகள் உண்டு, ஆனால் முதல் ஆய்வோடு நின்றுவிடக் கூடாது. சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அக்கிருமியை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்கு, வேர் நீக்கி உலர்த்திய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதை உண்டவர்களில் பரிசோதிக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமற்போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. நம் மூலிகைக்குக் கிடைத்த பெருமை என்று நாம் மகிழ்ந்தது நியாயமே. எனினும் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழுவும் 2011இல், போலி மருந்தைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

அப்படியானால் ஊரில் பலர் குணமானது எப்படி? ஹெப்படைட்டிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பித்தப்பைக் கல்லோ கணையப் புற்றோ பித்தக் குழாயை அடைத்து வரும் காமாலை அப்படித் தணியாது. கண் மஞ்சளித்தால் முதலில் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1987இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே புல்தரையில் நிறைய முளைத்திருக்கிறது. பறிக்கலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம். அங்கே களைக்கொல்லியும் கொசு மருந்தும் அடித்திருக்கலாம். தோற்றத்தில் ஒத்த இனங்களும் கலந்து வளரும்: கீழாநெல்லிக் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும், காம்பின்றி ஒட்டிய, சொரசொரப்பான காய் இருந்தால் அது வேறு செடி.

கேள்வி: பிறந்து ஐந்து நாளான பேரனுக்கு மஞ்சள் நிறம் தெரிகிறது. கீழாநெல்லிக் கஷாயம் ஒரு சங்கு புகட்டலாமா?
– தெம்பனிஸ் பாட்டி

பதில்: அம்மா, ஒரு சொட்டும் கூடாது. இன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சில மூலிகைகளாலும் இரத்த அணுக்கள் சிதைந்து, காமாலையின் மஞ்சள் நிறமி மூளையைத் தாக்கக்கூடும். இந்த அச்சத்தால்தான் சீன மருத்துவத்தின் ஹுவாங்லியான் மூலிகைக்குச் சிங்கப்பூர் 1978இல் தடை விதித்தது. அத்தடையைத் தளர்த்த 2013 வரை ஆயிற்று. காமாலை மிகுந்த குழந்தைக்கு நீல ஒளிச் சிகிச்சை உண்டு. அதோடு தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெப்படைட்டிஸ் பி மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: கூடாது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகி, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கு அழற்சி மூளலாம். மூலிகை உண்ண விரும்பினால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; நீரிழிவு மாத்திரையும் உண்பவரானால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.