ஸ்கூலோட பர்சன்டேஜ வச்சு பாப்பாவ எடை போடாதீங்கக்கா

அக்கா, போன வாரம் நீங்களும் பாப்பாவும் அவ பெரியப்பாவும் பத்தாவதுக்கு அப்பறம் பாப்பாவ என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட கேக்க வந்தப்ப, அவர் பேசப் பேச நான் சரி சரின்னு கேட்டுக்கிட்டேன், கவலப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா அது தப்புன்னு படுது. கவலப்பட வேண்டிய விஷயம் இருக்கு, ஆனா அது நீங்க நெனச்சுட்டு இருக்கிறது இல்ல.

அவர் சொன்னது இதான். பாப்பா படிக்கிறது குடியாத்தம் பக்கத்துல சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி, போன வருஷம் பத்தாவதுல பாஸ் பர்சன்டேஜ் எறங்கிடுச்சு, இன்னும் அரசு பள்ளிலயே படிச்சா புள்ள உருப்படாது, ப்ளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டல் இருக்கிற தனியார் ஸ்கூல், பயோ மேத்ஸ், கூடவே நீட் கோச்சிங், வருஷத்துக்கு ரெண்டு லட்சம். நீங்க பீடி சுத்துறீங்க, வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்கு போறாரு. அந்த ரெண்டு லட்சம் எங்கேர்ந்து வரும்னு கேட்டேன், நீங்க தாலிச்செயின தொட்டு பாத்தீங்க.

மொதல்ல அந்த பர்சன்டேஜ் கதைய முடிச்சுடுவோம். பத்தாவதுல 27 பேர் பரீட்சை எழுதுறாங்கன்னு வைங்க. ஒரே ஒரு புள்ள ஃபெயிலானா 96.3, ரெண்டு பேர்னா 92.6. முன்னூறு பேர் எழுதுற ஸ்கூல்ல ஒருத்தர் போனா அர பர்சன்ட் கூட எறங்காது. அதனால சின்ன ஸ்கூலோட நம்பர் வருஷா வருஷம் ஏறி எறங்கிட்டேதான் இருக்கும், அத வச்சு வாத்தியார் நல்லவரா புள்ள நல்லா படிக்குதான்னு எதுவும் சொல்ல முடியாது. அதுல ஃபெயிலான அந்த ஒருத்தர் யாருன்னு பாருங்க. பொங்கல் வரைக்கும் அப்பா அம்மா கூட பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிட்டு ஜனவரி கடைசில வந்து ஒக்காந்த பையனா இருப்பான். இல்ல வீட்ல தெலுங்கோ உருதோ பேசிட்டு இங்க வந்து தமிழ்ல பரீட்சை எழுதுற புள்ளையா இருக்கும், பேர்ணாம்பட்டு, பரதராமி பக்கம்லாம் இது சாதாரணம். அட்மிஷன் ரிஜிஸ்டர்ல அப்பா தொழில்னு இருக்கிற எடத்துல கூலி, கூலி, தறி, கூலி, தோல் ஷாப்புன்னு வரிசையா எழுதியிருக்கும், வீட்ல பத்தாவது தாண்டின ஆளே இருக்க மாட்டாங்க. அந்த ஸ்கூல் யாரையும் வேணாம்னு சொல்ல முடியாது, ஒம்பதாவதுலயே டிசி குடுத்து அனுப்பவும் முடியாது. வடிகட்டி எடுத்த நூறு பர்சன்ட்டையும் இதையும் பக்கத்துல வச்சு பாக்குறதே நியாயமில்லக்கா.

இப்ப காசு. இதுல நான் கறாராதான் சொல்லுவேன். உங்க பொண்ணு ஆறாவதுல இருந்து அரசு பள்ளில படிக்கிறா. ஆறுல இருந்து பன்னண்டு வரைக்கும் அரசு பள்ளில படிச்சவங்களுக்கு மெடிக்கல்ல 2020ல இருந்தும், இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, சட்டத்துக்கெல்லாம் 2021ல இருந்தும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கெடச்சா ஃபீஸையும் ஹாஸ்டலையும் கவர்மென்ட்டே கட்டுது. ப்ளஸ் ஒன்னுக்கு தனியார் ஸ்கூலுக்கு மாத்துனீங்கன்னா அந்த நிமிஷமே அது போச்சு, அஞ்சு வருஷம் சேத்து வச்சத ரெண்டு லட்சம் குடுத்து தொலைக்கிற மாதிரி. ப்ளஸ் டூ தான் வேணும்னா அரசு மேல்நிலைப் பள்ளி, வேற பேச்சே இல்ல. செயின அடகு வைக்காதீங்க.

ஆனா பாப்பாவுக்கு ப்ளஸ் டூ வேணுமான்னு யாராவது கேட்டீங்களா? பெரியப்பா பேசிட்டு இருந்தப்ப அவ என் டேபிள் ஃபேனயே பாத்துட்டு இருந்தா. கரகரன்னு சத்தம், ரெண்டு மாசமா அப்படித்தான் ஓடுது. ஸ்விட்ச ஆஃப் பண்ணி, றெக்கைய கையால சுத்தி, லேசா ஆட்டி பாத்துட்டு "சார், புஷ் தேஞ்சுடுச்சு, மாத்துனா போதும்"னா. கடைல குடுத்தேன், அவரும் அதேதான் சொன்னாரு. வீட்ல மிக்ஸிக்கு கார்பன் மாத்துனதும் அவதான்னு நீங்களே சொன்னீங்க, அத ஏதோ குறும்பு மாதிரி சொன்னீங்க. டாக்டராகணும்னு அவ வாயில இருந்து ஒரு வார்த்த வரல.

அதனாலதான் அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம், அதுல எலக்ட்ரீஷியன் ட்ரேடுன்னு சொல்றேன். பெரியப்பா உடனே "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு ஐடிஐ"ன்னு கேப்பாரு. சொல்றேன் கேளுங்க. பத்தாவது பாஸ் போதும், ரெண்டு வருஷம், டியூஷன் ஃபீஸ் கெடையாது. மாசம் 750 ரூபா உதவித்தொகை, யூனிஃபார்ம், புக்ஸ், ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் வரும். அரசு பள்ளில படிச்ச பொண்ணுங்குறதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 தனியா, ஐடிஐக்கும் அது உண்டு, ஆக மாசம் 1750 அவ அக்கவுன்ட்ல விழும். பாதி நேரத்துக்கு மேல பிராக்டிக்கல்தான், வயரிங், மோட்டார் வைண்டிங், ஸ்டார்ட்டர், பேனல் போர்டு, மீட்டர் வச்சு ஃபால்ட் கண்டுபிடிக்கிறதுன்னு கையில புடிச்சு கத்துக்கலாம். அவ இப்ப வீட்ல திருட்டுத்தனமா பண்றத அங்க உக்கார வச்சு சொல்லித் தருவாங்க.

முடிச்சதும் அப்ரன்டிஸ் போலாம், ராணிப்பேட்டைல பெல் (BHEL) கம்பெனி இருக்கு, அங்க ஸ்டைபன்டோட டிரெய்னிங். ரயில்வேல அசிஸ்டன்ட் லோகோ பைலட் பரீட்சைக்கு பத்தாவதும் ஐடிஐயும் இருந்தா போதும், நம்ம காட்பாடி வழியா தெனம் போற வண்டிங்கள அப்படி வந்தவங்களும் ஓட்டுறாங்க. மின்வாரியத்துல ஃபீல்டு அசிஸ்டன்ட் வேலைக்கும் இந்த ட்ரேட கேக்குறாங்க.

படிப்பு அத்தோட நின்னுடும்னு பயப்படாதீங்க, ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம், நம்ம தொரப்பாடி அரசு பாலிடெக்னிக் இருக்கு. டிப்ளமோ முடிச்சா பிஇல நேரா ரெண்டாவது வருஷம், அதுக்கும் வெளியூர் போக வேணாம், பாகாயத்துலயே தந்தை பெரியார் அரசு காலேஜ் இருக்கு. மொத்தம் ஏழு வருஷம் ஆகும், ப்ளஸ் டூ வழில ஆறு, ஒரு வருஷம் கூடத்தான், மறைக்கல. ஆனா இதுல எந்த படியில நின்னாலும் கையில ஒரு வேல இருக்கும், கழுத்துல செயினும் இருக்கும்.

ஒன்னு மட்டும் நீங்க நேர்ல பாக்கணும். எலக்ட்ரீஷியன் க்ளாஸ்ல பொண்ணுங்க கம்மியாத்தான் இருப்பாங்க, எத்தன பேர் இருக்காங்க, டாய்லெட் எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வேலூர் அரசு ஐடிஐக்கு ஒரு வேலநாள்ல பாப்பாவ கூட்டிட்டு போங்க, டவுன் பஸ்னா உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் இல்ல. பெரியப்பா வேணாம். ஒர்க்‌ஷாப்ல அவள விட்டுட்டு ஒரு அரமணி நேரம் வெளில மரத்தடில ஒக்காருங்க, அவ வெளிய வரும்போது மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. பத்தாவது ரிசல்ட் வந்ததும் ஆன்லைன் அப்ளிகேஷன் ஓப்பன் ஆகும், ஐடிஐலயே போட்டு குடுப்பாங்க, அதுக்குள்ள மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சுடுங்கக்கா.