வாசகர் கேள்வி: காவிரிப் படுகையில் பள்ளம் எங்கே?

கேள்வி: தஞ்சாவூர், நாகப்பட்டினம் பகுதி பூமியின் மேலோட்டில் உண்டான ஒரு பெரும் பள்ளம் என்று படித்தேன். எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளிதான். பள்ளம் எங்கே? அதைக் காவிரிதான் வண்டல் கொட்டி நிரப்பியதா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பள்ளம் உங்கள் காலடியில்தான் இருக்கிறது, விளிம்பு வரை படிவுகள் நிரம்பிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. திருச்சி மலைக்கோட்டையில் நிமிர்ந்து நிற்பது போன்ற பழம்பாறையைத் தொட, டெல்டாவின் சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் துளையிட்டு இறங்க வேண்டும்.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். காவிரிக்கு நீர் தரும் நிலப்பரப்பையும் காவிரிப் படுகை என்கிறோம். நிலவியலாளர்கள் அதே பெயரால் குறிப்பிடும் பள்ளமோ வேறு. அது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பிளந்து இந்தியாவும் அண்டார்டிகாவும் விலகத் தொடங்கியபோது, இழுபட்டு மெலிந்த மேலோடு பிளவுகளின் வழியே துண்டு துண்டாகக் கீழிறங்கியதால் உருவானது. இன்றைய காவிரி கொண்டுவந்த வண்டல், அதன்மேல் படர்ந்த மெல்லிய மேற்போர்வை மட்டுமே.

முதலில் ஆழமான குழி தோன்றி, பிறகு அது நிரம்பியது என்று எண்ணிவிடக் கூடாது. படிவுகள் சேரச் சேர அவற்றின் பாரத்தாலும், பிளவின்போது சூடேறியிருந்த அடிப்பகுதி ஆறிச் சுருங்கியதாலும் தரை தொடர்ந்து தாழ்ந்துகொண்டே வந்தது. 5 கிலோமீட்டர் படிவை 15 கோடி ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால், சராசரியாக 30 ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வரும். அவ்வளவு மெதுவான வேலை இது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், நரிமணத்தின் எண்ணெயும் இந்தப் படுகை தந்தவையே.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் அரியலூருக்குச் செல்லுங்கள். படுகையின் மேற்கு விளிம்பில், டெல்டாவில் ஆழப் புதைந்து கிடக்கும் காலத்தின் அடுக்குகள் அங்கே தரைக்கு வந்து நிற்கின்றன. இன்றைய கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில், உள்ளங்கை அளவுச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிந்திருப்பதைக் காணலாம். ஆழமில்லாத கடலில் வாழ்ந்த சிப்பிகள் அவை. அதே கல்லைத்தான் சிமெண்டுக்காக வெட்டுகிறோம். வெட்டப்படும் முன் நல்ல மாதிரிகளையாவது காத்து வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை அருகே மழைநீர் அரித்த களிமண் மேடுகளில், கணவாய்களுக்கு உறவான, அழிந்துபோன கடலுயிர்களான அம்மோனைட்டுகளின் சுருள் வடிவ ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், அந்த ஓட்டை வைத்து அடுக்கின் காலத்தைக் கணிக்க முடியாமல் போய்விடும்.